வைமோலி ஊர்ச் சான்றிதழ்

வைமோலி, சவாயித் தீவு
10 மார்ச் 2002

அன்புத் தம்பி பெனித்தோவாவுக்கு,

அக்கா ஃபுவாத்தினோ எழுதுவது. கடவுள் கிருபையில் நானும் அப்பாவும் நலம். மழை வந்தால் மட்டும் அப்பாவுக்கு முழங்கால் வலி கூடுகிறது. ஆக்லாந்துக் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? கம்பளிச் சட்டை வாங்கினாயா?

நல்ல செய்தி. நம் ஊருக்குச் சான்றிதழ் வந்துவிட்டது. இருபத்தாறு வீடுகளின் வாழையும் ஆர்கானிக் என்று, நம் உலர்பழத்தை வாங்கும் ஆக்லாந்துக் கம்பெனிக்காரி கரோலின் ஊர்ச்சபையில் வாசித்துக் காட்டினாள். அவளுக்கு மாலை போட்டோம், ஆடினாள், எல்லோரும் சிரித்தார்கள். உலர்த்தும் கொட்டகைக்கு முன்னால் பெண்களை நிறுத்திப் படமும் எடுத்தாள். நான் நடுவில்.

எனக்கு ஒரு பொறுப்பு தந்திருக்கிறார்கள். மாதம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டுத் தோட்டத்தையும் நடந்து பார்த்து, களை கையால் பிடுங்கினார்களா, மருந்து ஏதும் அடித்தார்களா என்று புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வீடு தப்பு செய்தாலும் இருபத்தாறு வீட்டுக்கும் சான்றிதழ் போய்விடும். பெண்கள் என்னைக் கேலி செய்கிறார்கள். “வந்துட்டாடி, பழத்துக்கு ஞானஸ்நானச் சீட்டு எழுதறவ!” பக்கத்துவீட்டு சவுமானி அண்ணன் வேறு. “ஏ ஃபுவா, எங்கப்பன் இப்படித்தான் வாழை போட்டான், அவன் தாத்தனும் இப்படித்தான் போட்டான். அவங்களுக்கும் சேத்து ஒரு சீட்டு எழுதிக் குடு. செத்தவங்க சந்தோஷப்படட்டும்” என்கிறார். ஊரிலேயே நல்ல பழம் அவருடையதுதான். அவர் மனைவி எசேத்தா அண்ணிக்கு சர்க்கரை நோயில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். அவளைக் கவனித்துக்கொண்டு, தோட்டத்தையும் தனியாகவே பார்க்கிறார்.

உனக்குக் கம்பெனிக் கிட்டங்கியில் வேலை போட்டுத் தருவதாகக் கரோலின் சொன்னாள். போய்ப் பார். உன் ஊர்ப் பெயரைச் சொல்.

உன் நலத்துக்கு ஜெபிக்கும்,
அக்கா ஃபுவாத்தினோ


ஆக்லாந்து
2 மே 2002

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் சுகம். உன் சுகத்தையும் அப்பா முழங்கால் சுகத்தையும் கடவுளிடம் கேட்கிறேன். கம்பளிச் சட்டை தேவாலயத்தில் இனாமாகவே கிடைத்தது.

வேலை கிடைத்துவிட்டது! ஊர்ப் பெயரைச் சொன்னதும் கரோலின் என்னைக் கட்டிப்பிடித்தாள். வேய்ன் என்றொருவன் எனக்கு மேலாள். கெட்டவன் இல்லை. என் பெயர் வாயில் நுழையாமல் “பென்” என்கிறான். பத்து மாதம் ஒழுங்காக இருந்தால், இது நிலையான வேலை என்று கம்பெனி கடிதம் தரும். அதைக் காட்டினால் இந்த நாட்டிலேயே தங்கலாம். அதன் பிறகு அப்பாவை இங்கே வரவழைத்து முழங்காலைக் காட்டிவிடலாம்.

போன வாரம் பணக்காரர்கள் வாங்கும் ஒரு கடைக்குப் போனேன். அங்கே அலமாரியில் நீ இருந்தாய், அக்கா. பாக்கெட்டின் மேல், பூ வைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு. கையளவு பாக்கெட். அதன் விலைக்கு நம் ஊரில் இரண்டு குலை வாங்கலாம். நம் ஆட்கள் யாரும் அந்தக் கடைக்குள் வருவதில்லை. ஒரு அம்மாள் பாக்கெட்டை எடுத்து மகளிடம் காட்டி, “பாரு, இதுல விஷமே கிடையாது, எவ்வளவு சுத்தமான மனுஷங்க” என்றாள். “அது எங்க அக்கா” என்றேன். அவள் சிரித்துவிட்டு பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

இருந்தாலும் அன்று முழுக்க எனக்குப் பெருமையாக இருந்தது.

உன் தம்பி,
பெனித்தோவா


வைமோலி
20 மே 2002

அன்புத் தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல். நீ அனுப்பிய படத்தில் இளைத்துத் தெரிகிறாய் என்று அப்பா சொல்கிறார். நேரத்துக்குச் சாப்பிடு.

இங்கே மழை விடவேயில்லை. இன்று பிடுங்கிய களை நாளை மறுநாள் முழங்கால் உயரம். மருந்து அடித்தால் ஒரு காலையில் முடியும் வேலைக்கு ஒரு வாரம் குனிகிறோம். பெண்கள் முணுமுணுக்கிறார்கள். நியூசிலாந்தில் ஒருத்தி வாயில் சுத்தமாகப் போட்டுக்கொள்ள, இங்கே நம் இடுப்பு போக வேண்டுமா என்று ஒருத்தி கேட்டாள்.

சவுமானி அண்ணன் அடுப்படியில் ஒரு பழைய களைக்கொல்லி டின் இருந்தது. முன்பு சேம்புக்கு அடித்தபோது வாங்கியது. இப்போது அதில் பன்றிக்குட்டிகளுக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றுகிறார். “அண்ணே, இத தூக்கிப் போடுங்க, யாராவது பாத்தா தப்பா நெனப்பாங்க” என்றேன். “நல்ல டின்னு புள்ள. பன்னி குடிச்சிட்டுக் கொழுகொழுன்னுதான் இருக்கு” என்று சிரித்தார். புத்தகத்தில் அதை எழுதவில்லை. தோட்டத்தில் மருந்தே இல்லாதபோது காலி டின்னை எதற்கு எழுதுவது?

அடுத்த சரக்கு இந்த வாரக் கப்பலில் வருகிறது. சாக்குகளைத் தொடும்போது எங்களை நினைத்துக்கொள்.

அக்கா


ஆக்லாந்து
23 ஜூன் 2002

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

நான் நலம். நீங்கள் எல்லோரும் நலமா?

சாக்குகள் வந்தன. தைத்த வாயில் உன் கையெழுத்துச் சீட்டைப் பார்த்தேன். கிட்டங்கியில் வேலை அதிகம். எங்கிருந்தோ வந்த பருப்பில் அந்துப்பூச்சி இருந்து, எல்லா அலமாரிக்கும் பரவிவிட்டது. கடைக்காரர்கள் வந்து பார்ப்பதற்குள் சரி செய்ய வேண்டும் என்று, போன வாரம் சனிக்கிழமை நானும் வேய்னும் மட்டும் இருந்து முடித்தோம். அதற்காகக் கிடைத்த அதிகச் சம்பளத்தை இதோடு அனுப்பியிருக்கிறேன், தேவாலயக் கூரைக்கு. எனக்கு இரண்டு நாள் தலைவலி. இப்போது பரவாயில்லை.

வேய்ன் என்னிடம் திருப்தியாக இருக்கிறான்.

தம்பி பெனித்தோவா


வைமோலி
4 ஆகஸ்ட் 2002

தம்பிக்கு,

கடவுள் உன்னைக் காக்கட்டும். அப்பா சுகம்.

நம் தலையில் இடி விழுந்துவிட்டது. கரோலினிடமிருந்து கடிதம். கடைக்காரர்கள் நம் பழத்தைச் சோதனைக்கு அனுப்பினார்களாம். அதில் மருந்து இருந்ததாம். சான்றிதழை நிறுத்திவிட்டார்கள். “உங்களை நம்பிய என் மனது உடைந்துவிட்டது. யார் செய்தது என்று ஊர் கண்டுபிடித்து ஒழுங்கு செய்யாவிட்டால் மீண்டும் வாங்க இயலாது” என்று எழுதியிருக்கிறாள். கொட்டகையில் அறுத்து வைத்த பழம் கறுத்துப் போயிற்று. பன்றிகளுக்குக் கொட்டினோம்.

தலைநகர் ஆப்பியாவில் வேறு வியாபாரியிடம் விற்கலாம் என்று நான் போனேன். அங்கேதான் தெரிந்தது, சான்றிதழ் நம் பெயரிலேயே இல்லை. சோதனைக்காரருக்குப் பணம் கட்டியது கம்பெனி என்பதால் அது கம்பெனிப் பெயரில். நம் மண், நம் களை, நம் கை, சீட்டு மட்டும் அவளுடையது. “அந்தச் சீட்டு இல்லாம இது வெறும் வாழப்பழம்மா, வழியெல்லாம் கெடக்கு” என்றான் அந்த வியாபாரி.

கடிதத்தில் மருந்தின் பெயர் ஒன்று இருக்கிறது. பெர்மெத்ரின். போதகருக்கும் தெரியவில்லை, பள்ளி வாத்தியாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் களைக்கொல்லி என்றே பேசுகிறார்கள். நீ அந்தக் கம்பெனியிலேயே இருக்கிறாய். இது என்ன மருந்து, எதற்கு அடிப்பது என்று கேட்டு உடனே எழுது. செய்தவனைக் கண்டுபிடிக்கச் சபை மூன்று வாரம் தவணை வைத்திருக்கிறது. ஊரில் ஒருவரை ஒருவர் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா


வைமோலி
22 ஆகஸ்ட் 2002

தம்பி,

சுகம்தானே? உன்னிடமிருந்து கடிதம் இல்லை. என் கடிதம் வழியில் தவறிவிட்டதோ என்று இதை, இங்கே கணக்குப் பார்க்க வந்திருக்கும் கரோலினின் கணக்கர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவர் நாளை விமானம் ஏறுகிறார். நேரே உன் கையில் தருவதாகச் சொன்னார்.

திங்கட்கிழமை சபை. யாரோ சவுமானி அண்ணன் வீட்டு டின்னைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். புத்தகம் வைத்திருப்பவள் என்பதால் என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் எப்படி நிரூபிப்பது? சனிக்கிழமை மதியம் தபால்நிலையத் தொலைபேசிக்குக் கூப்பிடு. நான் அங்கே காத்திருப்பேன். அது என்ன மருந்து என்று ஒரே வார்த்தை சொன்னால் போதும்.

பெர்மெத்ரின். எழுத்து சரியாக இருக்கிறதா என்று கடிதத்தைப் பார்த்து மறுபடியும் எழுதியிருக்கிறேன்.

அக்கா


ஆக்லாந்து
12 செப்டம்பர் 2002

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. தாமதத்துக்கு மன்னித்துவிடு. குளிரில் காய்ச்சலாகக் கிடந்தேன். சனிக்கிழமை கூப்பிட முடியவில்லை. அப்பாவின் முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன். தகர மீன் ஒரு பெட்டியும் வரும். சபைக்குக் கொடுக்க உதவும்.

மருந்தைப் பற்றி விசாரித்தேன். இங்கே யாருக்கும் சரியாகத் தெரியவில்லை என்கிறார்கள். நீ சபையில் அதிகம் பேசாதே, அக்கா. பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். காலம் போனால் எல்லாம் ஆறிவிடும்.

தம்பி


வைமோலி
29 செப்டம்பர் 2002

தம்பிக்கு,

தைலம் வந்தது. அப்பா தேய்த்துக்கொள்கிறார். உன் காய்ச்சல் குறைந்ததா?

நீ பேசாதே என்று எழுதிய கடிதம் வருமுன் நான் பேசி முடித்துவிட்டேன். என்ன நடந்தது என்று எழுதுகிறேன். வேறு யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை தபால்நிலையம் பூட்டும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். திங்கட்கிழமை எல்லாக் குடித்தலைவர்களும் அவரவர் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள், நம் அப்பாவும். நடுவில் சவுமானி அண்ணன். டின்னைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்கள். சபைக்காகப் பேசும் பேச்சாளர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

“இந்த டின்ன அவரு வீட்ல பாத்தியா?”

“பாத்தேன். காலியாத்தான் இருந்துச்சு. பன்னிக்குத் தண்ணி ஊத்தறாரு.”

“எப்போ பாத்த?”

“மே மாசம்.”

“புத்தகத்துல எழுதினியா?”

“இல்ல.”

“ஏன் எழுதல?”

புத்தகத்தின் மே மாதப் பக்கத்தைப் பார்த்தேன். எழுதாதது மறைத்தது போல ஆகிவிட்டது. சவுமானி அண்ணன் தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். காய்ப்புக் காய்த்து, நகமெல்லாம் மண். “ஏம்பா, மருந்து வெச்சிருக்கறவன் எதுக்குடா முதுகொடிய களை புடுங்கறான்? எனக்கென்ன கிறுக்கா?” என்றார். எப்போதும் அவர் பேசினால் யாராவது சிரிப்பார்கள். அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. அதைக் கண்டதும்தான் அவர் முகம் மாறியது. “நான் அடிக்கல. என் பொண்டாட்டி மேல ஆணை, நான் அடிக்கல” என்றார்.

ஊரைவிட்டு விலக்கு. இரண்டு நாளில் வெளியேற வேண்டும். அவர் வாழையை வெட்டிவிட வேண்டும், வேரோடு. அப்பா வாயே திறக்கவில்லை.

புதன்கிழமை லாரி வந்தது. எசேத்தா அண்ணியை நாற்காலியோடு தூக்கி வைத்தார்கள். வெட்டிய வாழைத் தண்டுகளுக்கு மேலேயே லாரி ஏறிப் போயிற்று. நான் வேலியோரம் நின்றேன். அண்ணி என்னைப் பார்த்து, “நீ பாத்ததத்தான் சொன்ன, ஃபுவா. நீ என்ன பண்ணுவ” என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

ஊர் தண்டனை கொடுத்துவிட்டது என்று கரோலினுக்கு எழுதிவிட்டோம். இன்னும் பதில் இல்லை.

தம்பி, உன்னைக் கேட்கிறேன். நம் ஊரில் அக்காவுக்கும் தம்பிக்கும் பிறப்பிலேயே உடன்படிக்கை உண்டு, ஒருவர் மானத்தை மற்றவர் காக்க வேண்டும். நீ என்னிடம் பொய் சொல்ல மாட்டாய் என்று நம்பி வளர்ந்தவள் நான். அந்த மருந்து என்ன என்று உனக்கு உண்மையிலேயே தெரியாதா?

அக்கா ஃபுவாத்தினோ


ஆக்லாந்து
17 நவம்பர் 2002

அக்கா,

சுகம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை. ஐந்து வாரமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழிக்கிறேன்.

அது களைக்கொல்லி இல்லை. அந்துப்பூச்சிக்கு அடிப்பது. வைமோலியில் யாரிடமும் அது இருக்காது. அந்தச் சனிக்கிழமை கிட்டங்கியில் அதை அடித்தவன் நான்.

முதுகில் தொட்டியைக் கட்டிவிட்டது வேய்ன். ஆர்கானிக் சரக்கை முதலில் வெளியே எடுக்க வேண்டும் என்பது சட்டம், சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. “இந்தச் சாக்கெல்லாம் வெளிய எடுக்கணுமே” என்றேன். “டேய் பென், இருநூறு சாக்க யாருடா தூக்கறது? காகிதச் சாக்குதான, மேலோட நிக்கும், காஞ்சிரும். நீ பாட்டுக்கு அடி” என்றான். அடித்தேன். உன் கையெழுத்துச் சீட்டுகள் நனைந்தன. பார்த்துக்கொண்டேதான் அடித்தேன், அக்கா.

சோதனை முடிவு வந்த நாளில் வேய்ன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். “ஒன் கடிதம் பிப்ரவரியில டைப் ஆகுது. அதுவரைக்கும் ஒனக்கு எதுவும் ஞாபகம் இல்ல. வெளிய தெரிஞ்சா கிட்டங்கிய மூடுவாங்க, நாப்பது பேருக்கு வேல போகும், மொதல்ல ஒனக்கு” என்றான். உன் முதல் கடிதம் வந்தது. ஒரு வாரம் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். சபை எப்படியும் யாரையும் கண்டுபிடிக்காது, ஏனென்றால் யாரும் செய்யவில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். இரண்டாவது கடிதமும் சனிக்கிழமைக்கு முன்பே என் கையில் கிடைத்தது. தொலைபேசிக் கூண்டு வரை போய்த் திரும்பிவிட்டேன். காய்ச்சல் என்றது பொய்.

உன் காலில் விழுகிறேன். பிப்ரவரி வரை மட்டும் இதை யாரிடமும் சொல்லாதே. கடிதம் கைக்கு வந்துவிட்டால் நானே வந்து சபையில் சொல்கிறேன். அப்பாவை இங்கே கொண்டுவரலாம். சவுமானி அண்ணனுக்கு என் சம்பளத்தை எல்லாம் தருகிறேன். இன்னும் மூன்று மாதம்தான்.

பெனித்தோவா


வைமோலி
8 டிசம்பர் 2002

தம்பிக்கு,

அப்பா உயிரோடு இருக்கிறார். நானும்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை சபையைக் கூட்டச் சொல்லி அதை முழுக்க வாசித்தேன். பிப்ரவரி வரை பொறு என்று நீ எழுதியதையும் விடவில்லை. அதன் பிரதியைக் கரோலினுக்கு அனுப்பிவிட்டோம். உனக்கு என்ன ஆகும் என்று தெரிந்துதான் செய்தேன்.

வாசித்து முடித்ததும் அப்பா தன் தூணை விட்டு எழுந்தார். வெளியே கூழாங்கல்லில் போய், மழையில், தலை குனிந்து உட்கார்ந்தார். உள்ளே வரச் சொல்லிப் பேச்சாளரே இறங்கிப் போய்க் கூப்பிட்டும் வரவில்லை. உள்ளே ஒருவர், “வெள்ளக்காரி காயிதத்த நம்பி நம்ம ஆள வெரட்டிட்டோமே” என்றார். இன்னொருவர், “இப்ப தெரிஞ்சு என்ன? அவ வாங்கப் போறாளா?” என்றார். கடைசியில் விலக்கை நீக்கினார்கள். ஆனால் சவுமானி அண்ணன் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. உபோலுத் தீவில் எங்கோ என்கிறார்கள். தேடச் சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்கு வரும் வழியில் மூன்று தோட்டத்தில் மருந்து நெடி. சான்றிதழ் போன பிறகு ஆப்பியாவிலிருந்து ஒரு வண்டி வந்து பாதி விலைக்குக் களைக்கொல்லி விற்றுவிட்டுப் போயிருக்கிறது. வரிசையில் நின்று வாங்கினார்களாம். யாரைக் குறை சொல்வது? இடுப்பு வலி எல்லோருக்கும் உண்டு.

ஃபுவாத்தினோ


ஆக்லாந்து
5 ஜனவரி 2003

அக்காவுக்கும் அப்பாவுக்கும்,

வேலை போய்விட்டது. கரோலின் என்னைக் கூப்பிட்டு அழுதாள். உண்மையாகவே அழுதாள். “நீ ஜூன்லயே என்கிட்ட வந்திருக்கலாமே” என்றாள். இப்போ சான்றிதழ்க்காரர்களிடம் சொல்வீர்களா என்று கேட்டேன். கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டு, வக்கீலைக் கேட்க வேண்டும் என்றாள். மறுநாள் என் சாவியை வாங்கிக்கொண்டார்கள். வேய்ன் இன்னும் அங்கேதான் இருக்கிறான்.

அந்தக் கடைக்கு மறுபடி போனேன். பாக்கெட் இருக்கிறது, அக்கா. பழம் வேறு ஏதோ நாட்டிலிருந்து. பின்பக்கம் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. முன்பக்கம் இன்னும் நீதான் சிரிக்கிறாய்.

என் அனுமதி மார்ச்சோடு முடிகிறது. இங்கே ஒளிந்து வாழ எனக்கு மனமில்லை. தேவாலயத்திலும் செய்தி பரவிவிட்டது. என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் வீட்டுக்கு வரலாமா?

பெனித்தோவா


வைமோலி
26 ஜனவரி 2003

பெனித்தோவா,

சவுமானி அண்ணனைக் கண்டுபிடித்தோம். உபோலுவில், மலைப்பக்கம், ஒரு பெரிய சேம்புத் தோட்டத்தில் கூலிக்கு இருக்கிறார். அப்பாவால் தரையில் மண்டியிட முடியாது. அதனால் நம் குடும்பத்துக்காக, நம் வழக்கப்படி மன்னிப்புக் கேட்க நான் போனேன். செத்துப்போன அம்மாவின் மெல்லிய பாயை எடுத்துக்கொண்டேன். விடியும்போது அவர் குடிசை வாசலில் உட்கார்ந்து, பாயைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டேன். மன்னித்தால் பாயை அவர்தான் எடுக்க வேண்டும், எடுக்காமலும் போகலாம், என்னை வெட்டவும் செய்யலாம். அது அவர் உரிமை.

நெடுநேரம் ஒன்றும் இல்லை. கதவு திறந்தது. கால்கள் என்னைத் தாண்டிப் போயின, நின்றன, திரும்பி வந்தன. பாய் விலகியது. அவர் முதுகில் மருந்துத் தொட்டி கட்டியிருந்தார்.

“எந்திரி புள்ள. வெயில் ஏறுது” என்றார்.

நான் நடந்ததையெல்லாம் சொன்னேன், உன் பெயரோடு. கேட்டுக்கொண்டே குழாயைத் துடைத்தார். கண் சிவந்து, பேச்சுக்கு நடுவில் இருமல். “அன்னிக்கு நான் மருந்து அடிக்கலன்னு சொன்னேன், ஒருத்தனும் நம்பல. இப்ப தெனம் அடிக்கறேன். இங்க இதத் தவிர வேற வேல இல்ல. நீங்க சொன்னத உண்மையாக்கிட்டேன், பாத்தியா” என்றார். சிரிக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“விலக்க எடுத்துட்டாங்க அண்ணே. வீட்டுக்கு வாங்க, அண்ணியக் கூட்டிட்டு” என்றேன்.

அப்போதுதான் சொன்னார். எசேத்தா அண்ணி நவம்பர் முதல் வாரத்தில் இறந்துவிட்டாள். இன்னொரு காலிலும் புண் வந்ததாம். வைமோலியில் தினமும் வந்து கட்டும் நர்ஸ் இருந்தாள், அங்கே யாரும் இல்லை. விலக்கப்பட்டவர்கள் என்பதால் ஊருக்குக் கொண்டுவந்து நம் மண்ணில், வீட்டுப் பக்கத்தில் புதைக்க முடியவில்லை. “ஒங்க மேல கோவம் இல்ல ஃபுவா. ஒங்கப்பன்கிட்டயும் சொல்லு. ஆனா நான் வரல. அவ இங்க கெடக்கறா. தனியா விட்டுட்டு எப்படி வர்றது?” என்றார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று, தொட்டியோடு சேம்பு வரிசைக்குள் போய்விட்டார்.

நீ உன் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருந்த வாரங்களில்தான் அவள் இறந்திருக்கிறாள். நானும் டின்னைப் பார்த்தேன் என்று சொன்னவள். என் பங்கை நான் சுமக்கிறேன்.

வீட்டுக்கு வரலாமா என்று கேட்டிருக்கிறாய். வா. உபோலுவில் விமானத்திலிருந்து இறங்கியதும், சவாயிக்குப் படகேறத் துறைக்குப் போகாதே. முதலில் மலைப்பக்கம் போ. அந்தச் சேம்புத் தோட்டத்தின் கோடியில், வேலிக்கு வெளியே, எரிமலைக் கல் அடுக்கிய மேடு ஒன்று இருக்கும். பெயர் எழுதவில்லை. பாயைச் சவுமானி அண்ணனிடமே விட்டுவிட்டு வந்திருக்கிறேன், உனக்காக. கேட்டால் தருவார். நான் உட்கார்ந்தது அவர் முன்னால். எசேத்தா அண்ணியின் முன்னால் உட்கார வேண்டியவன் நீ.

பாயைப் போர்த்திக்கொண்டு உட்கார். அவள் எடுத்துவிட்ட பிறகு வீட்டுக்கு வா.

ஃபுவாத்தினோ